ஒரு துளை, இரு கருவிகள்

வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்று வீட்டிற்குள் நுழைந்ததும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. "பிள்ளை கெட்டுப் போவானோ, சாமி?" என்பது ஒன்று. "இதற்கென்று புது டிவி வாங்க வேண்டுமாமே?" என்பது மற்றொன்று. முதற் கேள்விக்குப் பலரும் பதில் சொல்லியாயிற்று. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பூப்பறித்தும் மில்லில் உழைத்தும் பிழைக்கும் குடும்பமொன்று, கடைக்காரர் சொன்ன ஒரு சொல்லை நம்பி நகையை அடகு வைக்கப் புறப்படுவது இக்கேள்வியினால்தான். ஆகவே இம்மாதம் கம்பிகளைப் பற்றியே பேசுவோம்.

நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் இன்னும் இருப்பது 14 அங்குலக் குழாய்த் திரைப் பெட்டி. 2006 செப்டம்பர் 15இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தவை அவற்றுள் பல. இத்தகைய பெட்டியின் பின்புறம் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று ஏரியல் ஒயர் சொருகும் வட்டத் துளை. மற்றொன்று மஞ்சளும் வெள்ளையுமான ஏ.வி. துளைகள்.

வட்டத் துளை வழியே செல்வது, கொடைக்கானல் கோபுரத்திலிருந்து வீட்டுக் கூரைக்கு வந்த அலையைப் போன்றதே. படத்தையும் ஒலியையும் விளையாட்டுக் கருவி ஓர் அலைமேல் ஏற்றி அனுப்புகிறது; பெட்டி அவற்றை மீண்டும் பிரித்தெடுக்கிறது. ஏற்றி இறக்கும் சரக்கு சிறிது சிந்தத்தானே செய்யும்? அதனாற்றான் படத்தில் புள்ளியும் இரைச்சலும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட கருவியைப் பின்பற்றிச் செய்யப்பட்டு, நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற மலிவுக் கருவிகளில் இவ்வழி உண்டு. (அவற்றோடு வந்த வாத்துச் சுடும் துப்பாக்கி குழாய்த் திரையில் மட்டுமே குறி பார்க்கும். புதிய தட்டைத் திரையில் எவ்வளவு சுட்டாலும் வாத்து விழாது, பையன்மீது குற்றமில்லை.) ஏ.வி. வழியிலோ ஏற்றுதலும் இறக்குதலும் இல்லை. மஞ்சள் படத்திற்கு, வெள்ளை இடப்புற ஒலிக்கு, சிவப்பு வலப்புற ஒலிக்கு. இரண்டும் இருக்குமானால் ஏ.வி. வழியையே கொள்க.

இங்கேதான் வீட்டுச் சண்டை தொடங்குகிறது. 2017 முதல் அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கிய பின், அந்த ஒரே மஞ்சள் துளையை அப்பெட்டி பிடித்துக் கொண்டது. மாலையில் பேரன் அதனைப் பிடுங்கித் தன் கருவியைச் சொருகுகிறான். இரவு பாட்டி தொடர் பார்க்க அமர்ந்தால் திரை நீலமாக நிற்கிறது. நாள்தோறும் பிடுங்கிச் சொருகினால் துளையின் உள்ளே உள்ள பற்றவைப்பு விட்டுப்போகும். பிறகு பாட்டிக்கும் இல்லை, பேரனுக்கும் இல்லை. இதற்குப் புதிய பெட்டி வேண்டியதில்லை. ஏ.வி. சுவிட்சுப் பெட்டி என்றொரு சிறு பொருள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பல கருவிகளை அதில் இணைத்து, ஒன்றை மட்டும் பொத்தானால் டிவிக்குத் திருப்பலாம். சாதாரண வகைக்கு மின்சாரமும் தேவையில்லை. விளையாட்டுக் கருவி பழையதாயின் அதனை ஏரியல் துளையில் சேர்த்துவிட்டு, மஞ்சளைப் பாட்டிக்கே விட்டுவிடுவது செலவற்ற வழி.

2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4 போன்ற பிற்காலக் கருவிகளில் மஞ்சள் ஒயருக்கு இடமே இல்லை; படமும் ஒலியும் எச்.டி.எம்.ஐ. என்னும் ஒரே கம்பியில் எண்களாகப் போகின்றன. "பழைய டிவியில் ஓடாது" என்று கடைக்காரர் கூறுவது இதைக் கொண்டுதான். பாதி உண்மை. எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சிறு பெட்டி உண்டு. வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள். ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் எதிர்ப்பெட்டியும் ஏறத்தாழ அதே உருவத்தில் விற்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. உள்ளே செல்வது எது, வெளியே வருவது எது என்று மேலே அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குக. அடுத்து, அதற்கு யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். பல பெட்டிகளின் ஓரத்தில் பால், என்.டி.எஸ்.சி. என்று ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். அதைப் பால் பக்கம் தள்ளுங்கள். 1982இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது நம் நாடு மேற்கொண்டது 625 கோடுகளைக் கொண்ட அந்த முறையையே. மறுபக்கம் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாகலாம், உருளலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய கருவி இங்கே நிறமிழப்பதற்கும் இதுவே காரணம்.

எனினும் மாற்றுப் பெட்டி வித்தை செய்யாது. பெரிய திரைக்கென எழுதிய சிற்றெழுத்துகள் 14 அங்குலத்தில் படிக்க இயலா. கதை படித்து ஆடும் ஆட்டங்களுக்கு அது கண்ணைக் கெடுக்கும் வேலை; பந்தாட்டத்திற்குப் போதும்.

தட்டைத் திரை ஏற்கெனவே உள்ள வீட்டில் எச்.டி.எம்.ஐ.யே வழி. அங்கே பொன்முலாம் பூசிய கம்பிக்குப் பணம் கொடுக்காதீர்கள். எண்களாகச் செல்வது ஒழுங்காகச் சேரும், அல்லது திரை மின்னி அணையும். பொன்னால் நிறம் கூடுவதில்லை. இரண்டு மீட்டருக்குள் உள்ள சாதாரண ஹைஸ்பீடு கம்பி 1080 கோட்டுப் படத்திற்குத் தாராளம். திரையின் அமைப்பில் கேம் மோடு இருந்தால் அதனை இயக்குங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையும்.

ஒலியைப் பற்றிச் சிறிது. ஒற்றை ஒலித் துளையுள்ள பழைய பெட்டியில் வெள்ளையை மட்டும் சொருகினால் வலப்பக்கத்து ஓசை கேட்காமலே போகும். கருவியின் அமைப்பில் மோனோ என்று மாற்றுக, அல்லது இரண்டையும் ஒன்றாக்கும் இணைப்பியை வாங்குக. பாட்டி உறங்கவேண்டி ஹெட்போன் கொடுப்பவர்கள் அளவையும் பாருங்கள். பிள்ளைகளுக்கு வாரத்திற்கு 40 மணி நேரம், 75 டெசிபெல். அதுவே உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்துள்ள எல்லை. ஓசை ஏற ஏற நேரம் வெகுவாகக் குறைய வேண்டும்.

எக்கம்பியைச் சொருகுவதானாலும் சுவர்ச் சுவிட்சுகள் அனைத்தையும் அணைத்த பின்பே சொருகுங்கள். தரைக்கம்பி இல்லாத வீடுகளில் உலோக முனையைத் தொட்டால் சுரீரென்று இழுப்பது உண்டு. ஐப்பசியில் இடி தொடங்கியதும் மின்சாரப் பிளக்கோடு கேபிள் ஒயரையும் பிடுங்கி வையுங்கள். இடி வரும் வழிகளுள் அந்தக் கேபிளும் ஒன்று.