பழைய கையும் புதுப் பொறியும்

வயது முதிர்ந்தவர்களுக்குப் புதுப் பொறிகள் பிடிபடா, இளைஞர்களுக்கே அவை கைவரும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சென்ற ஆண்டு வரையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இப்பொழுது அந்த எண்ணம் மாறிவிட்டது. மாறிய காரணத்தைச் சங்க மலரின் அன்பர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் சொன்னால் கட்டுரை நேர்மையாக இராது.

முதலில் என் சின்னத் தாத்தாவின் கதை. அவர் 1962-ல் மன்னார்குடியிலிருந்து தில்லிக்கு ரயிலேறியவர். அப்போது அவருக்கு இருபது வயது. கையில் பணம் இல்லை. தட்டெழுத்திலும் சுருக்கெழுத்திலும் 'ஹையர்' தேறிய சான்றிதழ்கள் இரண்டு இருந்தன. அந்நாளில் தஞ்சை மாவட்டத்துச் சிறு நகரங்களில்கூடத் தட்டெழுத்துப் பயிலகங்கள் விடியற்காலை முதல் இரவு வரை ஓசையிட்டுக்கொண்டிருந்தன. அங்கே பயின்ற பிள்ளைகள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் போனார்கள். வடக்கே அலுவலகங்களில் நம்மவர் பெயரெடுத்தது பெரும்பாலும் பத்து விரல்களால்தான். தாத்தாவின் பிரிவில் அவசரக் கடிதம் எதுவானாலும், "மதராசியைக் கூப்பிடு" என்பார்களாம்.

1989-ல் அவருடைய அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தது. அதற்கென்று தனி அறை, குளிர்சாதனம், தரையில் விரிப்பு. வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். (நம் ஊர்க் கோயில்களில் இதைவிடக் கெடுபிடி குறைவு என்பார் தாத்தா.) அறைச் சாவி வெளியிலிருந்து வந்த இரண்டு இளைஞர்களிடம் இருந்தது. தாத்தாவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பொறியின் எழுத்துப் பலகையோ, அவர் இருபத்தேழு ஆண்டுகளாகக் கண்ணை மூடிக்கொண்டு தட்டிய அதே வரிசைதான். அப்படியிருந்தும் அவர் அதில் பின்தங்கினார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆறு மாசம் அந்த ரூமுக்குள்ளேயே என்னை விடலைம்மா. ஏழாம் மாசம், இவ்வளவு வேகமாத் தட்டற உமக்கு இது ஏன் வரலைன்னு கேட்டாங்க" என்றார்.

அன்பர்களே, முதுமையைப் பற்றி நாம் செய்யும் ஆராய்ச்சிகளில் பல இந்த ஏழாம் மாதத்திலிருந்துதான் தொடங்குகின்றன. முன்னே சென்ற ஆறு மாதங்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வங்கிகளில் நடந்ததும் இங்கே நினைக்கத் தக்கது. ஊழியர் சங்கங்கள் கணிப்பொறியை நெடுநாள் எதிர்த்தன. 1983-ல் சங்கங்களுக்கும் வங்கி நிர்வாகங்களுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 1984-ல் டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு, வங்கிகளில் பொறிகளை எவ்வாறு புகுத்தலாம் என்று அறிக்கை தந்தது. அந்த எதிர்ப்பை அறியாமை என்று இன்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. பேரேட்டில் கூட்டிக் கழித்துக் குடும்பம் காத்தவன், தானே கூட்டிக் கழிக்கும் பொறியைக் கண்டு அஞ்சியதில் அறியாமை எங்கே வந்தது? பொறி என்ன செய்யும் என்பதை அவன் சரியாகவே புரிந்துகொண்டான். 'என் வேலை நிற்குமா?' என்பது அவன் கேள்வி. அக்கேள்விக்கு ஒருவாறு விடை கிடைத்த பிறகு, அதே தலைமுறை எழுத்தர்கள்தாம் பேரேடுகளிலிருந்த கணக்குகளைப் பொறிக்கு மாற்றித் தந்தார்கள்.

மறுபக்கத்துக்கும் ஒரு சான்று சொல்கிறேன். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1954-ன் இறுதியில் நாமே ஒரு கணிப்பொறி செய்வது என்று தொடங்கினார்கள். பொறுப்பேற்ற ஆர். நரசிம்மன் அப்போது முப்பது வயதுகூட நிரம்பாதவர். அவருடன் இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரியிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள். அவர்கள் எடுத்த எடுப்பில் பெரிய பொறியைச் செய்யவில்லை. சிறிய முன்னோடிப் பொறி ஒன்றை 1956-ல் இயக்கிப் பார்த்தார்கள். முழுப் பொறி 1960-ல் வேலை செய்யத் தொடங்கியது. 1962-ல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். நிலையத்தின் தலைவர் ஹோமி பாபா பௌதிக அறிஞர். அவர் பற்றவைப்புக் கோலைப் பிடித்து அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. இடமும் பொருளும் கொடுத்தார். ஆண்டுக் கணக்கில் பொறுத்திருந்தார். முன்னோடிப் பொறி என்பது என்ன? தவறு செய்து பார்ப்பதற்கென்றே ஒதுக்கிய இடம். பம்பாய் இளைஞர்களுக்குக் கிடைத்த அந்த இடம் என் தாத்தாவுக்குக் கிடைக்கவில்லை. வேறுபாடு வயதில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. இருபது வயதில் செய்யும் பிழைக்குப் பயிற்சி என்று பெயர் வைக்கிறோம். ஐம்பது வயதில் செய்யும் அதே பிழைக்கு இயலாமை என்று பெயர் வைக்கிறோம். இளையவர்கள் முன்னிலையில் அந்தப் பெயரை வாங்க எந்த மூத்தவர்தான் முன்வருவார்?

இனி என் தவறுக்கு வருகிறேன்.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர்களைத் தூள் மாதிரியின்மேல் செலுத்திப் படிகத்தின் அமைப்பை அறியும் பொறி ஒன்று இருக்கிறது. அதைப் பேணுகிறவர் முப்பத்தைந்து ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர். இந்திக்காரர். எல்லாரும் அவரை 'மாஸ்டர்ஜி' என்றே அழைப்போம். பிலிம் சுருளில் கோடுகளை அளந்த நாளிலிருந்து அவருக்கு இந்த வேலை பழக்கம். அவரிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பொறியறைச் சாவியை இடுப்பைவிட்டு எடுக்கமாட்டார். புதிய மென்பொருள் வந்தபோது ஆறு மாதம் அதை யாரையும் தொடவிடவில்லை. அவருடைய பதிவேட்டிலுள்ள குறிகள் அவருக்கு மட்டுமே விளங்கும். எங்களுக்கு அவர்மேல் எரிச்சல் இருந்தது.

ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் மாஸ்டர்ஜி ஏதோ யோசனை சொல்ல எழுந்தார். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஆங்கிலத்தில், "அது காகிதச் சுருள் காலத்து முறை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆங்கிலம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சிரிப்பை மொழிபெயர்க்கவேண்டிய தேவை இல்லை. அதன்பின் அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். யாரும் கூப்பிடவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து, அளவீட்டிலுள்ள முகடுகளைத் தானே கண்டுபிடித்துப் படிகத்தின் அளவைக் கணக்கிடும் நிரல் ஒன்றை எழுதினேன். உண்மையில் பாதிதான் நான் எழுதியது. மீதியைச் சாட்ஜிபிடி எழுதிற்று. வேற்று அணுக்களைச் சேர்த்த என் மாதிரிகளில் படிகம் விரிந்திருக்கிறது என்று நிரல் சொன்னது. எனக்கு நிலைகொள்ளாத மகிழ்ச்சி. கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன். பேராசிரியர் பாராட்டினார். கருத்தரங்கு ஒன்றுக்குச் சுருக்கமும் அனுப்பியாயிற்று.

ஒருநாள் மாலை தேநீர் வாங்கப் போனபோது அந்தப் படத்தின் அச்சுப்படி என் கையில் இருந்தது. மாஸ்டர்ஜி அதை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "பேட்டா, புதுத் தட்டுகளில்தானே தூளை நிரப்பினாய்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அவை ஆழம் கூடியவை. தூள் கீழே இறங்கியிருக்கும்" என்றார்.

அறிவியல் பயிலாத அன்பர்களுக்காக இதைச் சற்று விளக்குகிறேன். தூளின் மேற்பரப்பு இருக்கவேண்டிய மட்டத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்தாலும் போதும். முகடுகள் எல்லாம் பாகையில் நூறில் சில பங்கு இடம் பெயர்ந்துவிடும். படிகம் விரிந்தாலும் முகடுகள் அதே திசையில்தான் பெயரும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? படிகம் மெய்யாகவே விரிந்திருந்தால் உயர்கோணத்து முகடுகள் அதிகமாக நகரும். தூள் தாழ்ந்திருந்தால் தாழ்கோணத்து முகடுகள் அதிகமாக நகரும். என் படத்தில் நகர்ந்திருந்தவை தாழ்கோணத்து முகடுகள். இது பாடநூலில் உள்ள செய்தி. தேர்வில் நானே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நிரல் ஓர் எண்ணைக் கையில் கொடுத்தவுடன் படத்தைப் பார்க்கும் வழக்கமே எனக்குப் போய்விட்டிருந்தது. அவரோ முப்பத்தைந்து ஆண்டுகளாகப் படத்தை மட்டுமே பார்த்து வந்தவர். மறுவாரம் சிலிக்கான் தூளைக் கலந்து மீண்டும் அளந்தேன். விரிவு என்று நான் சொன்னதில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. கருத்தரங்குக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றேன்.

"இதை முன்னமே சொல்லியிருக்கலாமே, மாஸ்டர்ஜி" என்றேன். "உங்கள் கூட்டத்தில் எனக்கு நாற்காலி போடுவதில்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தேநீர்க் குவளையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

அந்த மௌனம் எனக்குப் புதிதன்று. தில்லிக்கு வந்த முதலாண்டில் விடுதி உணவறையில் இந்தி பேச்சு என்னைச் சுற்றி ஓடும்போது, சொல்ல வேண்டியது இருந்தும் சொல்லாமல் நான் எத்தனையோ முறை எழுந்து போயிருக்கிறேன். 'இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது' என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த அனுபவம் உள்ள நானே அன்றைக்குச் சிரித்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பேராசிரியர் நல்லவர். செய்தி தெரிந்ததும் மாஸ்டர்ஜியைக் கூட்டத்துக்கு அழைத்தார். என் பிழையை என்னையே இந்தியில் விளக்கச் சொன்னார். (என் இந்தியைக் கேட்டுச் சிரித்தவர்களில் மாஸ்டர்ஜியும் ஒருவர்.) மூன்று வாரம் அவர் வந்தார். நான்காம் வாரம் பேச்சு மெல்ல ஆங்கிலத்துக்குத் திரும்பிற்று. ஐந்தாம் வாரம் அவர் வரவில்லை. நல்லெண்ணம் மட்டும் இருந்தால் இவ்வளவு தூரந்தான் போகும் போலிருக்கிறது. வழக்கமாகிவிட்ட ஒன்றை மாற்ற, தலைவர் வாரந்தோறும் நினைவாக ஏதேனும் செய்யவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜாக் வெல்ச், 1999-ல் தம் உயர் அதிகாரிகள் ஐந்நூறு பேரையும் தம்மினும் இளையவர்களிடம் இணையத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். தாமும் ஒருவரிடம் கற்றார். தலைவனே மாணாக்கனாக அமர்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு வெட்கம் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் திட்டம் பாதி வழிதான். இளையவர் மூத்தவருக்குப் பொறியைக் கற்பிக்கலாம். பொறி எங்கே பொய் சொல்லும் என்பதை யார் இளையவருக்குக் கற்பிப்பது? விடை தரும் கருவிகள் பெருகிவிட்ட இந்நாளில், தவறான விடையை மோப்பம் பிடிக்கும் ஆள்தான் ஆய்வுக்கூடத்துக்கு அருமையாகிவிட்டார். அந்த மோப்பம் எந்த மென்பொருளோடும் சேர்ந்து வருவதில்லை. பிழைத்துப் பிழைத்து வருவது.

இளமையின் பெருமையும் நெடுநாள் நிற்பதில்லை. சென்ற மாதம் முதலாண்டு மாணவன் ஒருவன் என் நிரலைப் பார்த்து, "அக்கா, இன்னுமா இப்படி எழுதுகிறீர்கள்?" என்றான். எனக்கு இருபத்து மூன்று வயது.

எங்கள் துறைக்குப் புதிய எக்ஸ் கதிர்ப் பொறி ஒன்று வாங்கப் போகிறார்கள். தெரிவுக் குழுவில் ஐந்து பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பொறியோடு நாள் முழுவதும் வாழ்கிற ஒருவர்கூட அதில் இல்லை. மாஸ்டர்ஜி வருகிற ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் பெயரையும் குழுவில் சேர்க்கவேண்டும் என்று மாணவர்கள் ஒன்பது பேர் கையொப்பமிட்ட கடிதத்தைத் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். அன்று கூட்டத்தில் 'காகிதச் சுருள்' என்று சொன்ன மாணவரும் கையொப்பமிட்டிருக்கிறார். தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, "விதிகளில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்றார். குழு அடுத்த வாரம் கூடுகிறது.