நெருப்புக் காய்ச்சலும் அப்பச்சோடாவும்



நெருப்புக் காய்ச்சல், அதாவது தைபோயிட், எப்படிப்பட்டது என்று இடம்பெயர்ந்து திரிந்த நமக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. கிணறும் மலசலகூடமும் அருகருகே இருந்த இடங்களில் அது வீட்டுக்கு வீடு போய் வந்தது. வன்னியிலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறையில் இருக்கும் ஒரு சகோதரி அண்மையில் கேட்டார்: "அக்கா, சோடா அந்தக் கிருமியைக் கொல்லும் எண்டு ஆராய்ச்சியிலை கண்டுபிடிச்சிருக்கினமாம். மகனுக்கு ஆறு நாளாக் காய்ச்சல். அப்பச்சோடா கரைச்சுக் குடுக்கிறன். சரிதானே?"

சரியில்லை, இன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். ஆனால் அவர் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் அல்ல.

அப்பச்சோடா என்பது சோடியம் பைகாபனேற்று. நமது இரத்தத்திலும் பைகாபனேற்று இயல்பாகவே உண்டு. ஆனால் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று ஆய்வுகூடத்தில் பார்க்கும் திரவத்தில் அது இருப்பதில்லை. 2017இல் அமெரிக்காவின் சாந்தா பார்பராவில் ஆய்வாளர்கள் அதைச் சேர்த்துப் பார்த்தபோது சில மருந்துகளின் முடிவே மாறிவிட்டது. 2018இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரும் இதைக் கண்டார்கள். அசித்ரோமைசின் போன்ற மருந்துகளின் வலு கூடியது, வேறு சிலவற்றின் வலு குறைந்தது. தைபோயிட்டுக்கு இன்று கொடுக்கப்படும் மருந்துகளில் அசித்ரோமைசினும் ஒன்று. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பல மருந்துகளுக்கு அடங்காத தைபோயிட் பரவியபோது, வாயால் கொடுக்க எஞ்சியிருந்த மருந்து ஏறக்குறைய அது ஒன்றுதான். ஆகவே இது பெறுமதியான ஆராய்ச்சி. ஆனால் ஆய்வுகூடத்துக்கே உரியது. இரத்தத்தின் பைகாபனேற்று அளவை நுரையீரலும் சிறுநீரகமும் கட்டுப்படுத்துகின்றன. நாம் குடிக்கும் சோடாவின் மிகுதி சிறுநீரோடு போய்விடும், உடம்பில் உப்புத்தான் ஏறும்.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்று. வயிற்றிலுள்ள அமிலம் தைபோயிட் கிருமிக்கு ஒரு காவல். சோடா அந்தக் காவலைத் தளர்த்திவிடும். 1978இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஏறத்தாழ 32,000 பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு, வாயால் கொடுக்கும் தைபோயிட் தடுப்புமருந்தைச் சோதித்தார்கள். வலுவிழக்கச் செய்த உயிர்க் கிருமி அமிலத்தில் செத்துப்போகாமல் குடலுக்குச் சேரவேண்டும் என்பதற்காக, முதலில் பைகாபனேற்று மாத்திரையைச் சப்பக் கொடுத்தார்கள். தடுப்புமருந்து நன்றாகவே வேலை செய்தது. அங்கே நல்ல கிருமிக்குத் திறந்த அதே கதவு, அழுக்குத் தண்ணீரில் வரும் கெட்ட கிருமிக்கும் திறக்கும். "காஸ்ட்ரிக்" என்று நாளாந்தம் சோடா குடிக்கும் சகோதரிகள் (நம்மில் எத்தனை பேர்!) இதைக் கவனிக்கவேண்டும்.

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் பாமசியில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அன்ரிபயோற்றிக் தொடங்குமுன் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தால்தான் நோய் சரியாகத் தெரியவரும். கவனியாமல் விட்டால் இரண்டாம் மூன்றாம் கிழமையில் குடலில் ஓட்டை விழலாம். காய்ச்சல் விட்டாலும் தந்த மருந்தை முடிக்கவேண்டும். சுகமான பின்னும் சிலரது பித்தப்பையில் கிருமி தங்கியிருக்கும். ஆகவே சாப்பாடு சமைத்து விற்கும் சகோதரிகள், திரும்ப வேலை தொடங்குமுன் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இதுபற்றிக் கேளுங்கள். தடுப்பூசி பற்றியும் அங்கேயே விசாரிக்கலாம்.