மாமியார் குரல்

பி.காம் படிக்கிறவனுக்கு மனநோய் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்காதீர்கள் நண்பர்களே. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அவரால்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

மாமியார் இறந்து ஒரு வருஷம் கழித்து அக்காவுக்கு அந்தம்மாவின் குரல் கேட்க ஆரம்பித்தது. "தண்ணி எடுக்கலையா?", "அடுப்பைப் பாரு" என்று. வீட்டில் யாரும் பயப்படவில்லை. "செத்தும் அதிகாரம் குறையலை" என்று சிரித்தார்கள். அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் தெளித்தார். சோற்றில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று பட்டினி கிடந்தபோதுதான் கோடாங்கியிடம் போனார்கள். அப்புறம் கோயில். கடைசியாக ஆஸ்பத்திரி. அதற்குள் மூன்று வருஷம் போய்விட்டது.

2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வைப் படித்தபோது அக்கா முகம்தான் நினைவுக்கு வந்தது. தான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்களோடு சேர்ந்து செய்தது. சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேட்டியோ மூன்றிலும் மனச்சிதைவு உள்ள இருபது இருபது பேரிடம், "உங்களுக்குக் கேட்கும் குரல் யாருடையது, என்ன சொல்கிறது?" என்று கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் முகம் தெரியாத குரல். வெட்டு, குத்து என்ற பேச்சு. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அம்மா, மாமியார், அண்ணன் குரல். குளி, சமை என்று ஏவும், திட்டும், சில சமயம் புத்தியும் சொல்லும்.

நம்ம ஊர்க் குரல் கொஞ்சம் சாது என்று சந்தோஷப்படலாம். எனக்கு அதுவேதான் ஆபத்தாகப் படுகிறது. 'கொல்லு' என்று கேட்டால் அன்றைக்கே ஓடுவோம். 'வாசல் தெளி' என்று கேட்டால் அது நோய் என்று யாருக்குத் தோன்றும்?

கோயிலைக் குறை சொல்ல வரவில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். மருந்து இல்லை, தனிப்பட்ட சடங்கும் இல்லை. கூட ஒரு சொந்தக்காரர், சின்னச் சின்ன வேலை, மிரட்டாத இடம். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியிருந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் மீதி எண்பதுக்கு என்ன செய்வது? (கணக்குப் படிக்கிறவன் கேள்வி, மன்னிக்கவும்.)

எல்லா இடமும் அப்படி இருப்பதில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சென்னையில் 1981-82ல் முதன்முதலாக நோய் வந்து சிகிச்சைக்கு வந்த 90 பேரை டாக்டர் தாரா குழுவினர் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்து 76 பேரைத் தேடிப் பிடித்தபோது பெரும்பாலோருக்கு நோய்க்குறிகள் அடங்கியிருந்தன. 'பைத்தியம் தெளியாது' என்று திண்ணையில் சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்லுவேன். கோயிலுக்கும் போங்கள், அதே வாரம் டாக்டரையும் பாருங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் போடலாம், அரசின் இலவச மனநல எண்.

அக்கா இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். நடுவில் சரியாகிவிட்டது என்று நிறுத்தி, இரண்டே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. போன பொங்கலுக்குப் பார்த்தேன். குரல் இன்னும் எப்போதாவது வருமாம்.

"வரும்டா தம்பி. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுருவேன்" என்றார். சோறு போட்டார். அவரும் சாப்பிட்டார்.