எரித்தவருக்குப் பதக்கம்... எரிந்தவர்களுக்கு?

ஹிரோஷிமா எல்லோருக்கும் தெரியும். 1945 மார்ச் 10 அதிகாலை டோக்கியோவில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். அணுகுண்டு இல்லாமலேயே ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தார்கள். திட்டம் போட்டவர் அமெரிக்கத் தளபதி கர்டிஸ் லெமே.

அவருக்கு முன்பு சுமார் 30,000 அடி உயரத்திலிருந்து ஆலைகளைக் குறிவைத்தார்கள். பலத்த காற்றில் குண்டுகள் எங்கோ போய் விழுந்தன. லெமே வந்தார். இரவில் பறக்கச் சொன்னார், உயரத்தை 9,000 அடிக்கும் கீழே இறக்கினார், பி-29 விமானங்களின் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டுத் தீக்குண்டுகளை ஏற்றினார். இப்போது குறி, மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற கிழக்கு டோக்கியோ. 41 சதுர கிலோமீட்டர் சாம்பல்! அதன்பின் இன்னும் 60-க்கும் மேற்பட்ட நகரங்கள்.

"போர் சீக்கிரம் முடிந்ததே" என்பார்கள் அவருடைய ரசிகர்கள். (ஆமாம், ரசிகர்கள் உண்டு.) கோழை இல்லை என்பது உண்மைதான். 1943 ஆகஸ்டில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரைத் தாக்கியபோது படையோடு தானே பறந்தவர். அதற்கும் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? தோற்றிருந்தால் நம்மைப் போர்க்குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்று லெமேயே சொன்னதாக, அவருக்குக் கீழே வேலை பார்த்த மெக்னமாரா 2003-ல் வந்த ஆவணப்படத்தில் சொல்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

1962-ல் கியூபா மீது குண்டு போடு என்று கென்னடியை நெருக்கினார். அங்கே சோவியத்தின் சிறு அணு ஆயுதங்கள் ஏற்கெனவே வந்திறங்கியிருந்தன என்பது உலகத்துக்குத் தெரிந்தது 1992-ல்தான். கென்னடி கேட்காமல் போனது நம் அதிர்ஷ்டம். 1965-ல் ஓய்வு. 1968-ல் நிறவெறி அரசியல்வாதி ஜார்ஜ் வாலஸோடு துணை ஜனாதிபதி வேட்பாளர்!

வயிறு எரிவது இதற்கெல்லாம் இல்லை. 1964-ல் ஜப்பான் அரசே அவருக்கு 'உதய சூரியன்' விருதைக் கொடுத்தது, அதுவும் முதல் வகுப்பு! காரணம்? ஜப்பானிய வான் தற்காப்புப் படையை வளர்க்க உதவினாராம். யாரைக் கேட்டுக் கொடுத்தார்கள்?

முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் அதே அரசு ஓய்வூதியம் தருகிறது. குண்டில் வெந்த பொதுஜனத்துக்கு அது கிடையாது. 2007-ல், உயிர் தப்பியவர்களும் உறவினரை இழந்தவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் நஷ்டஈடும் மன்னிப்பும் கேட்டு வழக்குப் போட்டார்கள். அப்போதே பெரும்பாலானவர்கள் முதியவர்கள். 2013-ல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்துவிட்டது.