பல்லுக்குக் கம்பி: கல்யாணப் பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்திலும் டவுனிலும் பிள்ளை வளர்க்கும் எல்லாருக்கும் உரியது என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் இப்படிச் சில பிள்ளைகளைத் தெரியும். சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வார்கள். எழும்பி வாசிக்கச் சொன்னால், பாடம் தெரிந்தும் தலையைக் குனிவார்கள். முன்பல் துருத்திக்கொண்டு இருக்கும், அல்லது பல்லுக்கு மேல் பல் ஏறியிருக்கும். மற்றப் பிள்ளைகள் 'பல்லன்' என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் அது சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் கூடவே வரும்.

பெற்றோரிடம் இதைப் பேசினால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் கிடைக்கின்றன. "பெரிசானா தன்னால சரியாயிரும் சேர்." "கம்பி போடுறதெல்லாம் பணக்காரங்க வேலை டீச்சர்." "கல்யாணப் பேச்சு வாற நேரம் பார்த்துக்கலாம்." இந்த மூன்றையும் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது, இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. மேல் முன்பற்கள் 3 மில்லிமீற்றருக்கு மேல் முன்னால் தள்ளியிருக்கும் பிள்ளை விழுந்தால், அந்தப் பல் உடையும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளை விட ஏறத்தாழ இருமடங்கு. நம் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடங்கள் லயத்துப் படிக்கட்டும் மலைச்சரிவும்தான். வாயை மூடினாலும் முன்பற்கள் ஒன்றோடொன்று சேராத பிள்ளை ரொட்டியை முன்பல்லால் கடிக்க முடியாமல் கையால் பிய்த்துப் பின்பல்லில் வைத்துச் சாப்பிடும். நெருக்கிக்கொண்டு முளைத்த பற்களுக்கிடையில் பிரஷ் போகாது. அங்கே சூத்தை பிடிக்கும், முரசு வீங்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் கம்பி தேவை என்றும் இல்லை. எவ்வளவு தேவை என்பதை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும் முறை ஒன்று பிரித்தானியாவில் 1989இல் வெளியானது. 1, 2 என்றால் சிகிச்சை தேவையில்லை, அல்லது மிகக் குறைவு. 4, 5 என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். சின்ன இடைவெளி, இலேசான திருப்பம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை எந்தத் தரம் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் இல்லை.

இரண்டாவது, இது தன்னால் சரியாகுமா? பல் எலும்புக்குள் ஆணி அடித்தது போல் இறுகிப்போய் இருக்கும் பொருள் இல்லை. கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் அப்படித்தான் நகர்கிறது. அதனால்தான் சிகிச்சைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருடம் பிடிக்கிறது. பல்லைப் பெரியவர்களுக்கும் நகர்த்தலாம். தாடை எலும்பு அப்படியில்லை. கீழ்த்தாடை பின்னுக்கு இருக்கும் பிள்ளைக்கு, வளரும் வயதில் கழற்றிப் போடும் பிளேட் வகைக் கருவிகளால் உதவ முடியும். வளர்ச்சி நின்ற பிறகு தாடைக் கோளாறு பெரிதாக இருந்தால் சத்திரசிகிச்சை வரை போக வேண்டிவரும். கல்யாணப் பேச்சு வரும் வயது என்பது அந்த வாய்ப்பு முடிந்துபோன வயது.

காரணங்களும் பல. தாடை அளவும் பல் அளவும் பரம்பரையாக வருவது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் கையில் இருக்கும் காரணங்களும் உண்டு. "பால்பல் தானே, விழப்போகிற பல்தானே" என்று சூத்தைப் பல்லை விட்டுவிடுகிறோம். பின்பக்கத்துப் பால்பல் நேரத்துக்கு முன் போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பிறகு முளைக்கும் நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது. சீனி போட்ட பிளேன்டீயைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்துத் தூங்க வைக்கும் பழக்கம் நேராக இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு வயதளவில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் பலரும் அதைப் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அது நிரந்தரப் பல், போனால் திரும்ப முளைக்காது.

பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது போன் டோர்ச்சை அடித்து வாயைப் பாருங்கள். பார்க்க வேண்டியவை இவைதான்:

1. பல்லைக் கடிக்கச் சொன்னால், மேல் முன்பல் கீழ்ப்பல்லை விட்டு மிகவும் முன்னால் நிற்கிறதா?
2. கீழ் முன்பல் மேல்பல்லுக்கு முன்னால் வருகிறதா?
3. பின்பல் கடித்திருக்கும்போது முன்னால் இடைவெளி தெரிகிறதா?
4. கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக இழுபடுகிறதா?
5. இன்னும் விரல் சூப்புகிறதா? தூங்கும்போது வாயால் மூச்சு விடுகிறதா?

ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் ஒருமுறை காட்டுங்கள். காட்டியதும் கம்பி போட்டுவிட மாட்டார்கள். பல பிள்ளைகளுக்கு "இரண்டு வருடம் கழித்து வாங்க" என்றுதான் சொல்வார்கள். விரல் சூப்புவதை நிரந்தர முன்பல் முளைக்கும் முன் நிறுத்தினால் சில நேரம் அதுவே போதும்.

எங்கே காட்டுவது? நம் நாட்டில் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை 1950களில் இருந்து நடக்கிறது. 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு அங்கே பல் அடைப்பதும் பிடுங்குவதும் இலவசம். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வைத்திய அதிகாரியும் வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அவர்கள் கொடுக்கும் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள். டிக்கோயா கிளங்கன், நுவரெலியா போன்ற அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் காட்டினால், தேவைப்பட்டால் பற்சீரமைப்பு நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். பேராதனையில் பல் வைத்திய பீடத்துடன் சேர்ந்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. காத்திருப்புப் பட்டியல் நீளம். சிறு வயதிலேயே பெயரைப் பதிய வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, பணம். தனியார் இடங்களில் இலட்சக் கணக்கில் பேசுகிறார்கள் என்பது உண்மை. அரச வைத்தியசாலையில் அப்படியில்லை. ஆனால் "இலவசம்தானே, ஏன் போகவில்லை?" என்று தோட்டத்துத் தாயைக் கேட்பதும் நியாயமில்லை. கம்பி போட்டால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய் இறுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் ஏறத்தாழ இருபது தடவை. ஹட்டனிலிருந்து பேராதனைக்கு 60 கிலோமீற்றருக்கும் மேல். காலைப் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலே இருபது நாளுக்கு 27,000 ரூபாய் போகிறது. பஸ் காசும் சாப்பாடும் வேறு. பாதியில் விட்டுவிடும் பிள்ளைகளின் கதையை அக்கறையின்மை என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே இதைத் தனித்தனிக் குடும்பத்தின் தலையில் மட்டும் வைக்க முடியாது. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளில், கிளினிக் கொப்பியைக் காட்டினால் பேரை வெட்டாமல் இருக்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கங்கள் இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் தேவாலயமும் வருடத்தில் ஐந்து பிள்ளைகளின் பஸ் செலவை ஏற்றால் போதும், பெரிய காசு இல்லை. சதகா கொடுக்கும்போது பிள்ளை எந்த மதம் என்று பார்க்கத் தேவையுமில்லை. ஒரே கிளினிக்குக்குப் போகும் மூன்று பிள்ளைகளை ஒரு தாய் கூட்டிப்போனால் மற்ற இருவரின் பேர் மிஞ்சும்.

நம் முஸ்லிம் வீடுகளில் ஒரு தயக்கமும் உண்டு: "பல்லை மாற்றுவது ஹராம் இல்லையா?" அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. குறையைச் சரிசெய்வது சிகிச்சை, அது வேறு என்பதே உலமாக்கள் பெரும்பாலும் சொல்லும் விளக்கம். போரில் மூக்கை இழந்த அர்பஜா என்ற ஸஹாபிக்குத் தங்க மூக்கு வைக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை ஆதாரமாகக் காட்டுவார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், அதற்காகச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

இளம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒன்லைனில் 'பெஷன் பிரேஸ்' என்று விற்பதை வாங்கி ஒட்டிக்கொள்ளாதீர்கள். தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவில் இந்தப் போலிக் கம்பி பெரிய தலையிடி ஆகியிருக்கிறது. பல் மருத்துவம் படிக்காதவர் போடும் கம்பி பல்லைத் தப்பான பக்கம் இழுக்கும், வேரையும் கெடுக்கும். சரியான கம்பி போட்டவர்கள் இரண்டு நேரமும் நன்றாகப் பல் துலக்க வேண்டும். முறுக்கு, தேங்காய்ச் சில்லு, ஒட்டுகிற டொபி வேண்டாம். கம்பியைக் கழற்றிய பிறகு தரும் ரிட்டெய்னரை டொக்டர் சொன்ன காலம் வரை போடுங்கள். போடாவிட்டால் இரண்டு வருடப் பயணமும் வீண், பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும்.

வகுப்பில் பட்டப்பெயர் கூப்பிடுவதை நிறுத்துவது ஆசிரியர்களான எங்கள் பொறுப்பு. ஏழு வயதில் வாயைத் திறந்து பார்ப்பது பெற்றோரான உங்கள் பொறுப்பு. இடையில் இருக்கும் 60 கிலோமீற்றரைக் குறைப்பது நம் எல்லாருடைய பொறுப்பு.

பிள்ளைக்குக் கம்பி போட்டு முடித்த பெற்றோர் யாராவது இருந்தால், எந்த வைத்தியசாலை, எத்தனை தடவை போனீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்குத் துணிச்சல் வரும். தோட்டத்து வட்ஸ்அப் குழுக்களிலும் பகிர்ந்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.