மாத்திரையா, கத்தியா? இரத்தம் சொல்லட்டும்!

மணமாகி ஆண்டுகள் சில ஆகியும் பிள்ளை இல்லை, மாதவிலக்கு நின்றுவிட்டது, கருவுறாத பெண்ணின் மார்பில் பால் சுரக்கிறது. வீட்டார் என்ன செய்கிறார்கள்? மலடி என்று ஏசுகிறார்கள். தோஷம் என்று சோதிடனிடம் ஓடுகிறார்கள். பேய் என்று பூசாரியின் வேப்பிலைக்கு முன் நிறுத்துகிறார்கள். குற்றம் கோளிலும் இல்லை, பேயிலும் இல்லை. மூளையின் அடியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றிய சிறு கட்டியில் இருக்கக்கூடும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் யார்? ஆணுக்கும் இக்கட்டி வருகிறது. அவனை மலடன் என்று தெருவில் நின்று ஏசுவார் உண்டா?

இச்சுரப்பியில் வரும் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனால் எல்லாம் ஒரே இனமும் அல்ல. புரோலாக்டினைப் பெருக்கும் கட்டி மேற்சொன்ன துன்பத்தைத் தருகிறது. வளர்ச்சி ஹார்மோனைப் பெருக்கும் கட்டி, வளர்ந்து முடிந்த மனிதனின் கை, கால், தாடையைப் பெரிதாக்குகிறது. அட்ரினல் சுரப்பியைத் தூண்டிவிடும் கட்டி, முகத்தை உப்ப வைத்து, தசையை நலியச் செய்து, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. எந்த ஹார்மோனையும் மிகைப்படுத்தாமல் வளர்ந்து, கண் நரம்பை அழுத்திப் பார்வையைப் பறிக்கும் கட்டியும் உண்டு.

ஸ்கேன் படம் கட்டி இருக்குமிடத்தைக் காட்டும். இனத்தை அறியவோ ஹார்மோன் சோதனை வேண்டும். புரோலாக்டின் அளவு ஒன்று. வளர்ச்சி ஹார்மோனின் செயலைக் காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 மற்றொன்று; இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் கொடுத்து, மறுநாள் காலை கார்டிசால் அடங்கியதா என்று பார்ப்பது இன்னொன்று. கருவுற்றாலும், தைராய்டு குறைந்தாலும், சில மருந்துகளை உண்டாலும் புரோலாக்டின் ஏறும். ஆகவே அவற்றையும் விசாரித்தே முடிவு கூற வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சங்கதியா? இல்லை! புரோலாக்டின் கட்டியைக் காபர்கோலின் மாத்திரையே பெரும்பாலும் சுருக்கிவிடுகிறது. மற்றவற்றுக்குச் சிகிச்சை தேவைப்படும்போது மூக்கின் வழியே செய்யும் அறுவையே பொதுவாக முதல் வழி. சோதிக்காமல் கத்தி எடுப்பது, மாத்திரையில் தீரக்கூடிய நோய்க்கு மண்டையடியைத் திறப்பதாகும்.

ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கை அளக்கும் இவ்வித்தைக்கு வழி திறந்தவர் யார்? அமெரிக்காவின் பிராங்க்ஸில், முன்னாள் படைவீரர்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரியில், 1950-களில் உழைத்த ரோசலின் யாலோ என்ற பெண்மணியும் சாலமன் பெர்சனும்! இன்சுலினை அளக்க அவர்கள் கண்ட முறை பிற ஹார்மோன்களுக்கும் பரவிற்று. 1972-இல் பெர்சன் மறைந்தார். 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோடி குவிக்கக்கூடிய அம்முறைக்கு அவர்கள் காப்புரிமை கேட்கவில்லை, உலகுக்கே விட்டுவிட்டார்கள்.

பொதுச் சொத்தாய்ப் பிறந்த அறிவு, பணமுள்ளவனின் சொத்தாய் முடங்கலாமா? மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இச்சோதனைகள் ஏழைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். கிடைக்கும் செய்தி கிராமத்துத் தாய்மாருக்கு எட்ட வேண்டும். இது சர்க்காரின் கடமை. பூசாரி வீட்டுக்குப் போகும் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது நம் கடமை. தோழர்களே, நம் கடமையை இன்றே தொடங்குவோம்!