ஆயிரம் ரூபாய் சாண்டாவும் அனுமதி இல்லாத குடிலும்

டிசம்பர் பிறந்தால் புனேயில் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று காலைக்குளிர். இன்னொன்று மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றறிக்கை. குளிருக்காவது ஸ்வெட்டர் இருக்கிறது.

இந்த வருட சுற்றறிக்கையின் சாராம்சம் இதுதான். 23ஆம் தேதி 'கிறிஸ்துமஸ் கார்னிவல்'. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சாண்டா உடையில் வர வேண்டும். எல்லா உடையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், அதனால் பள்ளி கவுண்டரில்தான் வாங்க வேண்டும், 650 ரூபாய். 'சீக்ரெட் சாண்டா' பரிசு 250 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேக், சிப்ஸ், ஜூஸுக்கு 100. ஆக மொத்தம் ஆயிரம். கடைசி வரி: அனைவரும் கட்டாயம் பங்கேற்க வேண்டும்.

அலுவலகத்தில் ஆணி அதிகம் என்பதால் நானும் வழக்கம்போலப் பணத்தைக் கட்டிவிட்டு மறந்திருப்பேன். போன வருடம் அப்படித்தான் செய்தேன். இந்த வருடம் ஒரே வாரத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்ததால் இந்தப் பதிவு.

முதல் சம்பவம். எங்கள் எதிர்வீட்டு அக்கா வடக்கன்குளத்துக்காரர். அவர் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அந்தப் பெண் டீச்சரிடம் போய், "மிஸ், எங்க வீட்டுல குடில் செய்வோம். சின்னதா ஒண்ணு கிளாஸுக்குக் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, மறுநாள் பதில் சொன்னார். மதம் சார்ந்த பொருள்கள் எதுவும் வேண்டாம், பள்ளியின் கொள்கை அப்படி.

இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். அதில் மாட்டுத்தொழுவத்தில் பிறந்த குழந்தைக்கு அனுமதி இல்லை. 650 ரூபாய் வெல்வெட் தாத்தாவுக்கு உண்டு.

இரண்டாவது சம்பவம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாவ்ஷி லாத்தூர் பக்கத்துக்காரர். அவர் மகனும் அதே பள்ளிதான், ஒரு வகுப்பு கீழே. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில், ஆன்லைன் குலுக்கலில் பெயர் விழுந்து சேர்ந்தவன். அவன் வகுப்புக்கும் அதே சுற்றறிக்கை. போன வாரம் மாவ்ஷி தங்கமணியிடம் ஆயிரம் ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். எதற்கு என்று விசாரித்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. "போன வருஷம் காய்ச்சல்னு சொல்லி நிறுத்திட்டேன். இந்த வருஷம் அவன் அழறான்" என்றார். போன வருடம் அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தனுப்பியது நாங்கள்தான்! பையனுக்கு வந்தது காய்ச்சல் இல்லை, சுற்றறிக்கை.

இனி கொஞ்சம் கொசுவத்தி. நான் படித்தது பாளையங்கோட்டையில், பாதிரியார்கள் நடத்திய பள்ளிக்கூடம். அரையாண்டுத் தேர்வு முடிகிற நேரத்தில் வகுப்புக்கு வகுப்பு குடில் போட்டி நடக்கும். பத்து நாளைக்கு முன்னாலேயே சிரட்டையில் கேழ்வரகு முளைக்கப் போட்டு வைப்போம், அதுதான் புல்வெளி. வைக்கோல் ஒருத்தன் வீட்டிலிருந்து வரும். மூங்கில் குச்சியும் கலர் பேப்பரும் வாங்கி ஸ்டார் செய்ய ஆளுக்கு ஒரு ரூபாய், இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. எங்கள் வகுப்பில் யோசேப்புக்குத் தாடி ஒட்டியவன் ஒரு பாய் வீட்டுப் பையன். ஆட்டுக்குட்டி பொம்மை எங்கள் வீட்டு கொலுப் படியிலிருந்து போனது. யாரும் மதம் மாறவில்லை. யாருக்கும் காய்ச்சலும் வரவில்லை. ராத்திரி தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் வரும்போது முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் வீசிக்கொண்டு வருவார். எங்களுக்குத் தெரிந்து தாத்தா என்றால் கொடுப்பவர். வசூல் பண்ணுகிற தாத்தாவைப் புனேயில்தான் பார்க்கிறேன்.

சரி, அந்தத் தாத்தா யார்? நான்காம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர் நிக்கோலாஸ். இன்றைய துருக்கியில் டெம்ரே என்று அழைக்கப்படும் ஊர் அது. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஓர் ஏழைக்கு மூன்று பெண்கள். கட்டிக்கொடுக்க வரதட்சணைப் பணம் இல்லை. நிக்கோலாஸ் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அந்த வீட்டுக்குள் பொன்முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார். வாங்குகிறவன் கூசக் கூடாது என்பதற்காக ரகசியம். சீக்ரெட் சாண்டா என்பதற்கு உண்மையான அர்த்தம் இதுதான். இங்கே நாம் செய்வது என்ன? யார் 250 ரூபாய்க்குக் கீழே வாங்கி வந்தான் என்று வகுப்பு முழுக்கத் தெரியும்படி பிள்ளைகளைப் பிரித்துப் பார்க்க வைக்கிறோம்.

சிவப்புக் கோட்டும் தொப்பையும் ரொம்பப் பின்னால் வந்தவை. 1863இலிருந்து தாமஸ் நாஸ்ட் என்ற அமெரிக்க ஓவியர் பத்திரிகையில் வரைந்து வரைந்து ஓர் உருவம் கொடுத்தார். 1931இலிருந்து கோகோ கோலா விளம்பரங்களுக்காக ஹேடன் சண்ட்ப்ளம் வரைந்த தாத்தா உலகம் முழுக்கப் பரவினார். பிள்ளைகள் ஆடப்போகும் 'ஜிங்கிள் பெல்ஸ்' பாட்டு 1857இல் வெளியானது. அதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. பனியில் குதிரை வண்டி ஓட்டுகிற பாட்டு அது. ஆக, எங்கள் பள்ளியின் கிறிஸ்துமஸில் கிறிஸ்து இல்லை, பாட்டில் கிறிஸ்துமஸ் இல்லை, தாத்தாவிடம் கொடை இல்லை. மிச்சம் இருப்பது கவுண்டர்தான்.

இதை வகுப்புப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் லேசாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது :-) பத்தே நிமிடத்தில் இரண்டு கட்சி.

முதல் கட்சி: "நம் பண்டிகைகளைச் சொல்லித்தராமல் ஏன் இதைக் கொண்டாட வேண்டும்? மொத்தமாக நிறுத்தச் சொல்லுங்கள்." என் கேள்வியைத் தங்களுக்கு ஆதரவாக எடுத்துக்கொண்டு கட்டைவிரல் வேறு தூக்கினார்கள். ஐயா, நான் உங்கள் ஆள் இல்லை. இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2014இல் டிசம்பர் 25ஐ நல்லாட்சி தினம் என்று அறிவித்தபோது, அன்றைக்குப் பள்ளிகளில் விடுமுறை உண்டா இல்லையா என்றே நாட்டில் சர்ச்சை நடந்தது. 2017இல் அலிகாரில் ஓர் அமைப்பு, கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது என்று பள்ளிகளை எச்சரித்தது. 2023இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் மாவட்டக் கல்வி அதிகாரி, பிள்ளைகளுக்கு சாண்டா வேடம் போடுவதென்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்று உத்தரவே போட்டார். பெற்றோரைக் கேட்பது நல்லதுதானே என்று தோன்றும். எல்லாப் பண்டிகைக்கும் எல்லாச் செலவுக்கும் கேட்டால் நல்லதுதான். ஒரு பண்டிகைக்கு மட்டும் கேட்டால் அதற்குப் பெயர் அக்கறை இல்லை. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வேண்டாம். எனக்குக் கிறிஸ்துமஸ் வேண்டும், கவுண்டர்தான் வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது கட்சி: "எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிக்காதீர்கள். குழந்தைகளின் சந்தோஷம். ஆயிரம் ரூபாய் எல்லாம் ஒரு பணமா? இரண்டு பீட்சா காசு." உங்களுக்கு இரண்டு பீட்சா. மாவ்ஷிக்கு அது ஒரு வீட்டில் பதினைந்து நாள் பாத்திரம் தேய்த்த கூலி. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 3(2) என்ன சொல்கிறது தெரியுமா? தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்குத் தடையாக இருக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் செலுத்தும் பொறுப்பு இந்த ஒதுக்கீட்டுக் குழந்தைக்குக் கிடையாது. சட்ட வாதம் வேண்டாம் என்றால் விடுங்கள். ஏழு வயதுப் பையன் வருடா வருடம் டிசம்பரில் பொய்க்காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டால், அந்தச் சந்தோஷத்தைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது?

பள்ளி நிர்வாகத்தின் வாதம்தான் எல்லாவற்றிலும் ருசிகரம். "நாங்கள் செக்யூலர், அதனால்தான் குடில் வேண்டாம் என்கிறோம்." அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவைச் சாதாரணமாகப் படித்தாலே தெரியும். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ பிள்ளையை வரச் சொல்லி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஒரு பிள்ளை தன் வீட்டுப் பண்டிகையைப் பற்றி வகுப்புத் தோழர்களுக்குச் சொல்வதை அது தடுக்கவில்லை. கட்டாயம்தான் தப்பு. எங்கள் பள்ளியோ கட்டாயத்தை வைத்துக்கொண்டு, சொல்வதைத் தடுத்திருக்கிறது!

அந்தக் குடிலில் அப்படி என்ன ஆபத்து? 1223இல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் முதன்முதலாக அதை அமைத்தபோது, நிஜ மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்து, படிக்காத ஜனங்களுக்குக் கதை புரிய வேண்டும் என்றுதான் செய்தார். கதை என்ன? சத்திரத்தில் இடமில்லை என்று சொல்லப்பட்ட ஒரு குடும்பம். தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பிள்ளை. முதலில் சேதி சொல்லப்பட்டது ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அல்ல, ராத்திரி ஆடு காத்தவர்களுக்கு. அப்புறம் அரசனுக்குப் பயந்து கைப்பிள்ளையோடு எகிப்துக்கு ஓடிப்போனார்கள். வெளியூரில் வீடு தேடி, "நீங்க மதராஸியா? அசைவமா?" என்று கேட்கப்பட்டு, இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கதை புரியாது? லாத்தூரில் தண்ணீர் இல்லாமல் இங்கே வந்த மாவ்ஷிக்குப் புரியாதா?

அக்காவிடம் கேட்டேன். "விடுங்க தம்பி. புள்ளைய நான் சமாதானம் பண்ணிட்டேன். நாம பிழைக்க வந்த இடம், நமக்கு எதுக்கு வம்பு" என்றார். சொல்லிவிட்டு அச்சு முறுக்கு சுடப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வார்த்தை தொண்டையில் நின்றுகொண்டது. ஏனென்றால் அது அவர் வார்த்தை இல்லை. நம் எல்லோருடைய வார்த்தை.

ஜனவரியில் இதே பள்ளியில் நம் பொங்கல் வரும். 'சவுத் இண்டியன் ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல்' என்று ஒரு தாள் கொடுப்பார்கள். பானைக்குக் கலர் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் பொங்கல். மாடும் இல்லை, மண்ணும் இல்லை. அப்போது நமக்கு சுருக்கென்று தைக்கும், முகநூலில் பொங்குவோம். அதே ஊசிதான் டிசம்பரில் எதிர்வீட்டில் தைக்கிறது. அப்போது மட்டும் ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டு, பெண்ணை சாண்டா உடையில் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். நானும்தான் அனுப்பினேன், மறைப்பானேன்.

வேறு மாதிரி செய்ய முடியாதா? காசே வேண்டாம். இந்த மண்ணிலேயே எல்லாம் இருக்கிறது. கோவாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் நெவ்ரி, மராட்டியர் தீபாவளிக்குச் செய்யும் கரஞ்சி, நம் வீட்டு சோமாசி, மூன்றும் ஏறக்குறைய ஒரே பலகாரம். மூன்று வீட்டிலிருந்து மூன்று டப்பா வந்தால் போதும், ஒரு வருடப் பாடம் அதில் இருக்கிறது.

ஒரு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறேன். கேட்டிருப்பது மூன்றே மூன்று. உடை கட்டாயம் இல்லை என்று எழுத்தில் சொல்லுங்கள். பரிசு என்றால் பிள்ளை கையால் செய்ததாக மட்டும் இருக்கட்டும். குடில் செய்யத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு வர விடுங்கள், பதினைந்து நிமிடம் அவள் அதைப் பற்றிப் பேசட்டும். இதே விதி தீபாவளிக்கும் ஈத்துக்கும் பொங்கலுக்கும் இருக்கட்டும்.

வகுப்பில் 38 பிள்ளைகள். இதுவரை ஆறு கையெழுத்து. இரண்டு மராட்டிக் குடும்பம், ஒரு பெங்காலி, ஒரு மலையாளி, ஒரு பீகார்க்காரர், நான். அதே வகுப்பில் மொத்தம் ஏழு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் கையெழுத்து கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மாவ்ஷியிடமும் அப்படியே. நாளைக்குப் பிள்ளையைப் பார்த்து டீச்சர் முகம் சுளித்தால் தாங்க வேண்டியது அவர்கள்தான். இது அவர்கள் போட வேண்டிய கையெழுத்து இல்லை. நாம் போட வேண்டியது. மிச்சமுள்ள ஐந்து வீட்டுக் கதவையும் இந்த ஞாயிற்றுக்கிழமை தட்டுவதாக இருக்கிறேன்.

டிஸ்கி: மாவ்ஷிக்குத் தங்கமணி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. "கடிதத்துக்குப் பதில் வரட்டும். வரலைன்னா அன்னிக்கு நம்ம பொண்ணும் யூனிஃபார்ம்லதான் போவா, அவனோட சேர்ந்து" என்று சொல்லிவிட்டார். மகளிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தொப்பி மட்டும் போட்டுக்கலாமா?" என்றாள். பேச்சுவார்த்தை தொடர்கிறது.